அஞ்சும் வியாழனும்

அத்தியாயம் பதினொன்று

லம்ஜத் மாமாவை வெளியே உட்காரச் சொன்னது ஸிவார்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் அவள் அம்மா ஷெத்லியாவின் தலையில் மட்டும் பழியைப் போட வேண்டாம்.

மஹ்தியாவிலிருந்து தலைநகருக்கு வந்த வாடகை வேனில், பின் இருக்கையில், மாமா அவள் காதோரம் குனிந்து சொன்னதைப் போன அத்தியாயத்தில் படித்திருப்பீர்கள். "உள்ள போனதும் வலது கையைக் கொஞ்சம் இழுத்துப் புடிச்சிக்கோ. பொய் இல்ல, கொஞ்சம் தாராளம். எல்லா நாட்டுக்காரனும் பண்றதுதான்." ஸிவார் அப்போது பதில் சொல்லவில்லை. இன்று காலை, நீச்சல் அரங்கத்தின் மாடி வராந்தாவில், வீராங்கனையோடு ஒருவர்தான் உள்ளே வரலாம் என்று அங்கிருந்தவர்கள் அறிவித்தபோதுதான் சொன்னாள்.

"அம்மா வரட்டும்."

மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அவள் பயிற்சியாளர் அவர்தான். அக்கா மகளின் மூடிய விரல்களை ஆறு வருடமாக ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தவரும் அவர்தான்.

"அக்காவுக்கு நீச்சலைப் பத்தி என்னடி தெரியும்? தலை ஈரமா இருந்தா சளி புடிக்கும், அது ஒண்ணுதான் தெரியும்."

"அதனாலதான் மாமா."

ஸிவாருக்கு இருபது வயது. பிறந்த மூன்றாம் நாள் வந்த ஜன்னியில் வலது கையும் வலது காலும் இழுத்துக்கொண்டன. உடல் குறை உள்ளவர்களுக்கான இந்த நீச்சலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. குறை அதிகமானால் எண் சிறியது, குறைந்தால் பெரியது. ஒரே எண்காரர்கள் ஒன்றாக நீந்துவார்கள். உள்ளூரில் பார்த்து அவளுக்குக் கொடுத்தது ஏழு. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பார்த்துச் சொன்னால்தான் அது செல்லும்.

ஏழில் அவள் உலகப் பட்டியலில் நான்காவது. செப்டம்பரில் உலகப் போட்டி நிச்சயம். எட்டில் அதே நேரத்துக்கு அவள் பெயர் இருபதுக்கும் கீழே போய்விடும். எட்டு என்றால் நாளைக்கே வேன் பிடித்து ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அறைக்குள் ஒரு மெத்தை போட்ட மேசை, ஒரு விசிறி. வெள்ளைத் தாடி வைத்த டாக்டர் ஒருவர். தசைகளைச் சோதிக்கும் மார்லீன் என்ற டச்சுக்காரி. மொழிபெயர்க்க யோஹன் என்று ஒரு ஜெர்மன்காரர். உள்ளூர் ஆளைப் போட்டால் உள்ளூர்ப் பெண்ணுக்குச் சாதகமாகப் பேசிவிடுவாராம், அதனால் வெளியூர்க்காரர். பாவம், அரபு முழுக்கப் புத்தகத்தில் படித்தவர். வாயைத் திறந்தால் வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் கேட்ட மாதிரி இருந்தது.

"வலக்காலை உயர்த்துக. என் கரத்தை எதிர்த்துத் தள்ளுக" என்றார் யோஹன்.

ஸிவார் தள்ளினாள். முழு பலத்தோடு தள்ளினாள். டாக்டர் முழங்காலைத் தட்டினார், கணுக்காலை மடக்கினார், விரல்களை விரிக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் எழுதினார். அவர் எழுதும்போதெல்லாம் ஸிவார் கழுத்தை நீட்டினாள். தலைகீழாகத் தெரிந்த எண்களைப் படிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மார்லீன் வாயைத் திறக்கும் வரை.

ஸிவாரின் தோளில் இரண்டு கையையும் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, அவள் சிரித்தபடி ஏதோ சொன்னாள். யோஹன் ஷெத்லியாவிடம் திரும்பினார்.

"இத்துணை வலிமை மிக்க தோள்களை இவ்வம்மையார் கண்டதில்லையாம். தங்கள் புதல்வியை எண்ணித் தாங்கள் பெருமிதம் கொள்ள வேண்டும் என்கிறார்."

கண் படாமலிருக்கச் சொல்லும் ஒரு மாஷா அல்லாஹ் இல்லை. மேசையை ஒரு தட்டுத் தட்டவும் இல்லை. மார்லீனின் நீலக் கண்கள் இரண்டும் ஸிவாரின் தோளிலேயே நின்றன.

ஷெத்லியாவின் நாக்கு தொடர்ந்து படிப்பவர்களுக்குப் புதிதல்ல. பக்கத்து வீட்டுக்காரி, 'உன் மக மீன் மாதிரி நீந்தறா' என்றால், 'மூழ்காம வந்தா போதும்' என்பாள். காரணம் இல்லாமல் இல்லை. ஸிவார் பிறந்த ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலை ஒரு தாதி தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, 'எவ்வளவு திடமான குழந்தை' என்றாள். கூட ஒரு ஆசீர்வாதமும் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் ஜன்னி. அன்றிலிருந்து மகளைப் பற்றிய ஒரு நல்ல வார்த்தையை ஷெத்லியா யார் காதிலும் விழவிட்டதில்லை. மகள் காதிலும்தான்.

அவள் வலது உள்ளங்கை தானாக எழுந்தது. ஐந்து விரலும் விரிந்தன. "அஞ்சும் வியாழனும், அஞ்சும் வியாழனும்" என்று முணுமுணுத்தாள். கண் பட்டால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். பிறகு குரலை உயர்த்தினாள்.

"தோளாவது ஒண்ணாவது. ஒரு டீ கிளாஸைத் தூக்க அந்தக் கையில தெம்பு கிடையாது. சட்டைகூட நான்தான் போட்டுவிடறேன். படியேறினா விழுந்து வெப்பா. தண்ணில எறங்கினா ஏதோ மிதந்துட்டு வருவா, அவ்வளவுதான் இவ நீச்சல்."

ஒரு வார்த்தை விடாமல் பெயர்க்க வேண்டும் என்பது யோஹனுக்கு உத்தரவு. அவர் எதையும் விடவில்லை. அஞ்சையும் விடவில்லை, வியாழனையும் விடவில்லை.

டாக்டர் நெற்றியைச் சுருக்கி ஏதோ கேட்டார்.

"ஐந்து முறை, வியாழக்கிழமையன்றா?" என்றார் யோஹன்.

இவரும் சேர்ந்து கண் கழிக்கிறார் என்று ஷெத்லியாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "ஆமாப்பா. அஞ்சு, வியாழன். நல்லா சொல்லு."

டாக்டர் எழுதினார்: வியாழக்கிழமை ஐந்து முறை விழுந்திருக்கிறாள்.

ஸிவாருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் டாக்டர் தன் கோப்புக்குள் எதையோ தேடுவதைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. அவர் எடுத்தது மாமா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பயிற்சிக் குறிப்பு. விரலை வைத்து வியாழக்கிழமைக்கு வந்தார். குளத்தில் எண்பது நீளம். ஓய்வு இல்லை. உடல்நிலை நன்று.

"அம்மா அப்படிச் சொல்லல" என்றாள் ஸிவார் அவசரமாக. "கண்ணுக்குப் பயந்துக்கிட்டு பேசறாங்க."

"தங்கள் அன்னையாருக்குக் கண் நோய் உண்டா?"

"நோய் இல்ல. கண்ணு. கண்ணு படும்ல, அது."

யோஹன் டாக்டரிடம் ஏதோ சொன்னார். டாக்டர் தலையை ஆட்டினார். "பார்வைக் குறை உள்ளோர்க்கு வேறு அறை என்கிறார்" என்றார் யோஹன். "மேலும், அன்னையாரின் கூற்றுக்குத் தாங்கள் விளக்கம் தரல் ஆகாதாம்."

டாக்டர் மேசை ஓரத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன தேநீர்க் கிளாஸைக் காட்டினார். வலது கையால் தூக்கச் சொன்னார். பொய்யாக நடுங்க ஸிவாருக்குத் தெரியாது. தூக்கினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மார்லீனின் சிரிப்பும் போய்விட்டிருந்தது.

"இரு கூற்றுகளும் பொருந்தவில்லை" என்று யோஹன் மெதுவாகப் பெயர்த்தார். "குறையை வேண்டுமென்றே மிகைப்படுத்தியது உறுதியாகுமானால் பல ஆண்டுகள் தடை. மூன்று மணிக்கு நீரில் பார்ப்பார்கள். அதன் பின் அன்னையாரை மட்டும் மீண்டும் அழைப்பார்கள்."

வராந்தாவில் மாமா முழுவதையும் கேட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்துகொண்டார்.

"வியாழக்கிழமை அஞ்சு தடவை விழுந்தாளா? அன்னிக்கு இவ எண்பது நீளம் அடிச்சா அக்கா. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நான் எங்கடா விழுந்தான்னு சொன்னேன்? கண்ணு படாம இருக்கச் சொன்னேன்."

"நான் ஒரு சின்னப் பொய்யைச் சொல்லிக் குடுத்தேன், இவ மாட்டேன்னுட்டா. நீ யாரும் கேக்காமயே இவ்வளவு பெருசா சொல்லிட்டு வந்திருக்க."

"பொய் இல்லடா லம்ஜத். புள்ளைய மறைச்சேன். மறைச்சு வெச்சா பொய்யா?"

மாமாவுக்குக் கோபம் வந்தால் சீக்கிரம் வடியும், வடிந்த இடத்தில் கணக்கு ஆரம்பிக்கும். குரலைத் தாழ்த்தினார். "இப்ப ஒரே வழிதான் இருக்கு. அக்கா சொன்ன மாதிரியே இவ நீந்தணும். காலையில நல்லா இருந்தது, தண்ணி குளிர்ல கால் விறைச்சிக்குச்சுன்னு சொல்லிக்கலாம். அப்ப அக்கா பேச்சும் நிக்கும், ஏழும் நிக்கும்."

"விறைக்கலன்னா?" என்றாள் ஸிவார்.

"விறைக்க வை. ஆறு வருஷம் உழைச்சு விரலைப் பிரிச்சோம். அதுக்குப் பரிசா நம்பரை ஏத்துவாங்களாம். உழைக்காம இருந்திருந்தா ஏழு. இது நியாயமாடி?"

அவள் எழுந்து நடந்தாள். அம்மா டப்பாவில் கொண்டுவந்த வறுத்தரைத்த பிஸீஸா மாவு, பேரீச்சம்பழம் எதையும் தொடவில்லை.

வராந்தாக் கோடியில் ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாட்டு ஓரானிலிருந்து வந்தவள், பெயர் விஸாம். அவளுக்கும் வலது பக்கம்தான். ஒரு ஆரஞ்சைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையால் தோல் உரிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸிவார் யோசிக்காமல் அதை வாங்கி, இரண்டு கையாலும் உரித்துக் கொடுத்தாள்.

விஸாம் ஆரஞ்சைப் பார்க்கவில்லை. ஸிவாரின் வலது கையைப் பார்த்தாள்.

"நீயும் ஏழா?"

"ஆமா."

"உனக்கு விரல் விரியுதே."

"ஆறு வருஷம் ஆச்சு, இவ்வளவு விரிய."

விஸாம் தன் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக மூடிய கை. "நான் பத்து வருஷமா பண்றேன். விரியல." கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

ஸிவாருக்குக் காலையிலிருந்து ஒரு பயம்தான் இருந்தது, எட்டு என்று சொல்லிவிடுவார்களோ என்று. இப்போது இன்னொன்று வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. நான் உண்மையிலேயே எட்டுதானோ? இந்தக் கையை வைத்துக்கொண்டு நாளைப் போட்டியில் இவளைத் தோற்கடிக்கப்போகிறேனோ? மாமா கேட்ட நியாயம் அவள் தலைக்குள் இன்னும் இருந்தது, ஆனால் இந்தப் பெஞ்சில் அது செல்லுபடியாகவில்லை.

மூன்று மணிக்குக் குளத்தில் இறங்கினாள். ஒரு கரையில் மார்லீன் படம் எடுக்கும் கருவியோடு, மறு கரையில் டாக்டர். மாமா எதிர்ப்பக்கம் நின்று கையால் ஒரு ஜாடை காட்டினார்: மெதுவாக.

உண்மையைச் சொல்கிறேன், அவள் முயன்று பார்த்தாள். முதல் பத்து மீட்டர் வலது காலைத் தொங்கவிட்டாள். உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. வாய்க்குள் தண்ணீர் புகுந்தது. மூச்சுக்குத் தலையைத் திருப்பினால் முகம் மேலே வரவில்லை. ஒரு கணம் நிஜமாகவே மூழ்குகிறோம் என்று பயந்துவிட்டாள். அந்தப் பயத்தில் வலது கால் தானாக அடித்தது. அடித்ததும் உடம்பு நேரானது. அதன் பிறகு அவள் எதையும் யோசிக்கவில்லை, சுவரைத் தொடும் வரை முழுமூச்சாக நீந்தினாள்.

தலையைத் தூக்கியபோது மாமா முதுகைக் காட்டி நின்றிருந்தார். மார்லீன் எழுதிக்கொண்டிருந்தாள்.

நாலரை மணிக்கு ஷெத்லியாவை அழைத்தார்கள். மாமா அவள் கூடவே கதவு வரை நடந்தார். "அக்கா, பாத்துப் பேசு. இவளால முடியும்னு நீ ஒத்துக்கற ஒவ்வொண்ணும் நம்பரை ஏத்தும். ஒத்துக்கலன்னா தடை."

"ரெண்டும் வேணாம்னா என்னடா சொல்றது?"

மாமா கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்.

விசிறி நின்றுபோனதால் கதவை ஒரு சாண் திறந்தே வைத்திருந்தார்கள். ஸிவார் வெளியே சுவரோரம் உட்கார்ந்தாள். முழுவதும் கேட்டது.

"வியாழக்கிழமை என்ன நிகழ்ந்தது?" யோஹனின் குரல்.

"ஒண்ணும் நிகழல தம்பி. அது நாங்க கண்ணுக்குச் சொல்றது."

"எம் கண்ணுக்கா?"

"உனக்கு இல்லப்பா. இந்தம்மா கண்ணுக்கு." ஷெத்லியா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தப்பா நெனைக்கச் சொல்லாத. மனசு நல்ல மனசுதான். ஆனா கண்ணு நீலம். நீலக் கண்ணு ஒரு பொருளைப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னா, அது நல்லாருக்காது. அதுக்காக விரலை விரிச்சு அஞ்சுன்னு சொன்னேன். பொண்ணுகிட்ட ஒண்ணுமே இல்லன்னும் சொன்னேன். ஒண்ணுமில்லாததைக் கண்ணு என்ன பண்ணும்?"

யோஹனுக்கு அதைப் பெயர்க்க வெகுநேரம் ஆனது. இரண்டு தரம் திரும்ப ஆரம்பித்தார். பிறகு நாற்காலி ஒன்று தரையில் இழுபடும் சத்தம். ஸிவார் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். மார்லீன் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, காது வரை சிவந்து, வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இப்போது கூறலாம் என்கிறார்" என்றார் யோஹன்.

ஷெத்லியா அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியபோது குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"சட்டை அவளே போட்டுப்பா. பட்டன் கடைசி ரெண்டு மட்டும் லேட்டாகும். படி ஏறுவா. எனக்கு முன்னாடி ஏறிட்டு மேல நின்னு சிரிப்பா. எனக்குத் தோள் வலின்னா அந்த வலது கையாலதான் தலை வாரிவிடுவா. பதினோரு வயசுல துறைமுகத்துப் பாறைலேர்ந்து கடல்ல குதிச்சா. நான் பாக்காத மாதிரி நின்னேன். பாத்தா என் கண்ணே பட்டுடும்னு. எத்தனை நாள் நான் கரையில நின்னு எண்ணியிருக்கேன் தெரியுமா, எத்தனை தடவை போயிட்டு வராள்னு? எண்ணி முடிக்க முடியாது." மூச்சு வாங்கினாள். "பலசாலிப்பா. என் பொண்ணு பலசாலி. எழுதிக்கோ."

ஸிவார் இருபது வருடம் காத்திருந்த வார்த்தை அது. கேட்டதும் சந்தோஷம் வரும் என்றுதான் நினைத்திருந்தாள். வந்ததோ கண் பட்டுவிடுமோ என்ற பயம். அம்மாவை எத்தனை கேலி செய்திருந்தாலும், அந்தப் பயம் அவள் இரத்தத்திலும் இருந்தது. தன் வலது கையை மடியில் இடது கையால் மூடிக்கொண்டாள்.

அரை மணி கழித்து எல்லோரும் வெளியே வந்தார்கள். மார்லீன் ஸிவாரைப் பார்க்காமல், அவள் காலணியைப் பார்த்துப் பேசினாள். யோஹன் பெயர்த்தார்.

"அன்னையாரின் விளக்கத்தைப் பதிவு செய்தோம். தற்போதைக்குத் தங்கள் எண் ஏழு. ஆயினும் இன்று நீரில் கண்டது எட்டின் எல்லையில் உள்ளது. நாளைக் காலைப் போட்டியில் கரையிலிருந்து பார்த்த பின்னரே முடிவு. இன்று நீந்தியதற்கும் நாளை நீந்துவதற்கும் வேறுபாடு தெரிந்தால், காலையில் எழுதிய குறிப்பை மீண்டும் எடுக்க நேரும்."

அவர்கள் போனதும் மாமா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "வேகமா போனா எட்டு, மெதுவா போய் மாட்டினா தடை. நல்லா கட்டிப்போட்டாங்க." வண்டி பார்த்து வருகிறேன் என்று கீழே இறங்கிவிட்டார்.

மாடிப்படியில் அம்மாவும் மகளும் மட்டும் நின்றார்கள். கீழே நாளைய போட்டிக்காகக் குளத்தில் கயிறுகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீ சொன்னதெல்லாம் கேட்டேம்மா."

ஷெத்லியா படிக்கட்டில் மேலும் கீழும் பார்த்தாள். யாரும் இல்லை. ஸிவாரின் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கொஞ்சம் மெதுவா நீந்தேன்டி. கொஞ்சம்தான். யாருக்கும் தெரியாது."

"எதுக்கும்மா?"

"அவ்வளவையும் வாய்விட்டுச் சொல்லிட்டேன்ல. அந்த ரூம்ல, அவ முன்னாடி."

"கண்ணுக்காகவா? இல்ல, மாமா சொன்ன ஏழுக்காகவா?"

ஷெத்லியா வாயைத் திறந்தாள். ஏதோ சொல்லப்போனவள் நிறுத்திக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தாள், அந்தப் பதிலை அங்கே தேடுபவள் போல. ஸிவாருக்கு அப்போதுதான் நிஜமாகப் பயம் வந்தது. அம்மா பயத்தில் சொன்ன பொய்களை அவள் அறிவாள். எதற்காகக் கேட்கிறோம் என்று அம்மாவுக்கே தெரியாத ஒன்றை அம்மா இதுவரை கேட்டதில்லை.

மணிக்கட்டில் இருந்த பிடி தளரவில்லை.